கனடாவில் வீட்டுக்குள் விதை போட்டு மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று வளர்ப்பது எப்படி?

டொராண்டோவில் மார்ச் தொடக்கத்தில் ஜன்னல் ஓரமாக விதை போட்டதாகவும், முளைத்தவை எல்லாம் நூல் போல நீண்டு சாய்ந்துவிட்டதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஊரிலிருந்து வந்த விதை கெட்டுப்போயிருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். விதை நல்ல விதைதான், அதனால்தான் முளைத்திருக்கிறது. வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான்.

முளைக்கும்வரை விதைக்குத் தேவை சூடு. முளைத்த நாளிலிருந்து தேவை வெளிச்சம். ஊரில் இரண்டும் ஒரே பாத்தியில் தானாகக் கிடைத்துவிடும், அதனால் யாரும் இதைப் பிரித்து யோசிப்பதில்லை. இங்கே இரண்டையும் நாம்தான் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

முதலில் சூடு. மிளகாயும் கத்தரியும் 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் நன்றாக முளைக்கும். நம் வீடுகளில் ஹீட்டர் 20, 21-ல்தான் இருக்கும். அந்தக் குளிரில் மிளகாய் விதை மூன்று வாரம்கூட அசையாமல் கிடக்கும், ஈரம் அதிகமானால் அழுகியும் போகும். தட்டுக்கு அடியில் விரிக்கிற ஹீட் மேட் ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும். வாங்க விருப்பமில்லை என்றால், நம் வீடுகளில் பயறை ஈரத்துணியில் முளைகட்டும் அதே வேலையை டிஷ்யூ காகிதத்தில் செய்யலாம். நனைத்துப் பிழிந்த டிஷ்யூவில் விதைகளைப் பரப்பி மடித்து, ஜிப் பையில் போட்டு, வீட்டிலேயே சூடான இடமாகப் பார்த்து வையுங்கள். வேர் அரை சென்டிமீட்டர் எட்டிப் பார்த்ததும் எடுத்து நட்டுவிட வேண்டும். விட்டால் வேர் காகிதத்துக்குள் ஓடிவிடும், பிரிக்கும்போது அறுந்துபோகும். பழைய விதையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கவும் இதுதான் வழி. பத்து விதை போட்டு நாலு முளைத்தால், நடும்போது அதற்கேற்ப அதிகமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் வெளிச்சம். இதில்தான் பெரும்பாலானோருக்குப் பயிர் போகிறது. தெற்கு பார்த்த ஜன்னலாகவே இருந்தாலும் மார்ச் மாத மேகமூட்டத்தில் அது போதாது. வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து வருவதால் நாற்று அதைத் தேடி நீளும். ஊதா நிறத்தில் ஒளிரும் விலை உயர்ந்த விளக்குகள் தேவையில்லை. கராஜில் மாட்டுகிற சாதாரண நாலடி எல்.இ.டி. விளக்கு போதும். பெட்டியில் 5000 அல்லது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதை இலைக்கு மேலே 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில், மிகக் கிட்டத்தில் தொங்கவிட வேண்டும். சீலிங்கில் எரியும் விளக்கால் நாற்றுக்குப் பயனில்லை. செடி வளர வளர விளக்கை ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம், மீதி நேரம் இருட்டு. ஒரு டைமர் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

முளைத்துவிட்டால் ஹீட் மேட்டை எடுத்துவிடுங்கள். தட்டை மூடி வைத்திருந்தால் அந்த மூடியையும் திறந்துவிடுங்கள். சூடு அதிகமாகவும் வெளிச்சம் குறைவாகவும் இருந்தால் தண்டு இன்னும் நீளும். சின்ன மின்விசிறி ஒன்றை இலை லேசாக ஆடும் அளவுக்கு ஓடவிட்டால் தண்டு உறுதிப்படும், மண்ணின் மேற்பரப்பும் காய்ந்திருக்கும். காய்ந்திருப்பது முக்கியம். நேற்றுவரை நன்றாக நின்ற நாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு சுருங்கி, காலையில் விழுந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் நாற்றழுகல். வந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, வராமல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து மண்ணைத் தட்டில் நிரப்பாதீர்கள். தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் என்கிற இலேசான வெள்ளைத் துகளும் கலந்த கலவையோ, விதை போடுவதற்கென்று விற்கிற கலவையோ போதும். தண்ணீரை மேலே ஊற்றாமல், கீழ்த்தட்டில் ஊற்றி உறிஞ்சவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் நாற்றுகளை என்ன செய்வது? தக்காளியைத் தூக்கிப் போட வேண்டாம். ஆழமான கப்பில் விதையிலைவரை தண்டைப் புதைத்து நடுங்கள், புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். மிளகாயும் கத்தரியும் அப்படி எளிதாகத் தேறி வராது. அவற்றை இன்றே புதிதாகப் போடுவது நல்லது, இன்னும் காலம் இருக்கிறது.

காலக்கணக்குக்கு விக்டோரியா தினத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை. இங்கே பலரும் அந்த வாரத்தை ஒட்டித்தான் வெளியே நடுவார்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம். பாகல், புடலை, வெண்டைக்கு மூன்று நாலு வாரம் போதும். இவற்றுக்கு வேர் கலைந்தால் பிடிக்காது, அதனால் ஆளுக்கொரு தனித் தொட்டி. பாகல், புடலை விதையின் தோல் தடிப்பு. நகவெட்டியால் ஓரத்தை லேசாகக் கிள்ளி, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். முள்ளங்கி, கொத்தமல்லி, பீன்ஸ் எல்லாம் நேரடியாகத் தரையில்தான். அவற்றுக்கு வீட்டுக்குள் இடம் கொடுப்பது வீண்.

வெளியே கொண்டுபோகும்போது அவசரம் கூடாது. விளக்கடியில் வளர்ந்த இலை நேர் வெயிலில் ஒரே மதியத்தில் வெளுத்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகுமென்றால் உள்ளே எடுத்துவிட வேண்டும். மிளகாயை ஜூன் முதல் வாரத்தில் நட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. குளிரில் ஒருமுறை ஒடுங்கிய செடி தேறுவதற்குள் அது முந்திவிடும்.

அவரை விதையும் இருப்பதாகச் சொன்னீர்களே, அது செடி அவரையா கொடி அவரையா என்று கேட்டுப் பாருங்கள். நாட்டுக் கொடி அவரையில் பல ரகங்கள் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். ஜூன் மாதம் டொராண்டோவில் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். கொடி பந்தல் முழுக்கப் படரும், ஆனால் பூ வரும்போது செப்டம்பர் ஆகிவிடும், காய் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். செடி அவரை ரகங்கள் பெரும்பாலும் இந்தப் பகல் கணக்கைப் பார்க்காமல் பூக்கும். கொடி அவரை என்று தெரிந்தால், விளக்கடியில் அந்த இடத்தை இன்னும் நாலு மிளகாய் நாற்றுக்குக் கொடுங்கள்.