நோட்டை மூடி வைத்து மூன்று மாதம்

ஐயா, மருத்துவரான எனக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் அரை மணி கழித்து வருகிறது என்று பயப்படுகிறீர்கள். அதே கடிதத்தில், மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை இறைப்பில் வடக்கயிறு எது, வால்கயிறு எது, இரண்டையும் எப்படிப் பிடித்தால் நீர் மொள்ளும் சால் தளும்பாமல் வரும் என்று ஒரு பக்கம் பிசகில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். 74 வயதில் பெயர்கள் தாமதமாக வருவது இயல்பு. பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், அப்போது கவலைப்படலாம்.

கை நடுக்கமும் அப்படித்தான். டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்குகிறது என்கிறீர்கள். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை மடியில் சும்மா கிடக்கும்போது வரும். எழுத்தும் போகப் போகச் சிறுத்துவிடும். உங்கள் ஆறு பக்கக் கடிதத்தில் கடைசி வரி வரை எழுத்து சிறுக்கவில்லை. நேரில் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள், போதும். யூடியூபைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள்.

நான் இரண்டு முறை படித்தது வேறு வரிகளை. வழக்கொழிந்த வேளாண்மைச் சொற்களைப் பல வருடமாக நோட்டில் சேர்த்து வந்த நீங்கள், அந்தச் சொற்களைச் சொன்ன நண்பர் இறந்தபின் நோட்டைத் திறக்கவே இல்லை. மூன்று மாதம் ஆகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு. ஐந்து கிலோ எடை குறைவு. "முடிக்காமலே போய்விடுவேன், இனி எழுதி யாருக்கு?" இதை வயசானால் அப்படித்தான் என்று தள்ளிவிட்டீர்கள். அது தவறு. வயதானால் வேகம் குறையும். ஆசையே வற்றிப்போவது வயதின் வேலை இல்லை. நண்பரை இழந்த துக்கம் இயற்கைதான். ஆனால் பிடித்த வேலை, சாப்பாடு, தூக்கம் மூன்றும் மாதக்கணக்கில் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முதியவர்களிடம் அது அழுகையாக வராமல் பசியின்மை, உடல்வலி, மறதி என்று வேஷம் போட்டு வரும். நன்றாகக் குணமாகக்கூடியது. மருந்து தேவைப்பட்டால் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

எடைக் குறைவுக்கு வேறு காரணமும் இருக்கலாம். அதனால் இந்த வாரமே பொது மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, பி12 பரிசோதனையிலிருந்து தொடங்குவார். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் பேசலாம், இலவசம்.

அப்புறம், உங்கள் மனைவியின் தூக்க மாத்திரையை எடுத்து விழுங்குகிறீர்களே, யாரைக் கேட்டு? அந்த வகை மாத்திரை இந்த வயதில் மறதியைக் கூட்டும், இரவில் எழுந்தால் தடுமாறி விழவைக்கும். இடுப்பெலும்பு முறிந்தால் என்ன பாடு என்று வாரம் தவறாமல் பார்க்கிறேன். தினமும் போட்டு வந்திருந்தால் திடீரென்றும் நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார். 'ஞாபக சக்தி' கேப்ஸ்யூலுக்குச் செலவிடும் காசில் முட்டையும் பாலும் வாங்கலாம்.

முடிக்காமல் போவதைப் பற்றி: உ.வே.சா. 1940-ல், 85-ஐத் தொடும் வயதில், ஆனந்த விகடனில் தன் வாழ்க்கை வரலாற்றை வாரம் ஒரு பகுதியாக எழுதத் தொடங்கினார். 1942-ல் இறந்தபோது அது பாதியில் நின்றது. அந்தப் பாதியை நாம் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறோம். நீங்களும் நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பிரதியை உங்கள் பழைய மாணவர் யாரிடமாவது கொடுத்துவையுங்கள். பிறகு நாளுக்கு ஒரு சொல் எழுதினால் போதும். மனம் வராத நாளில் விட்டுவிடுங்கள். சிகிச்சை பலன் தரும்போது கை தானாக நோட்டைத் தேடும். அதுவரை சோம்பேறி என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

மருத்துவரிடம் தனியாகப் போகாமல் மகளை அழைத்துப் போங்கள். இதுவரை வாங்கிப் போட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கேப்ஸ்யூல் டப்பா உட்பட, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.