தத்துப் பிள்ளைக்கு வயது 1,300

கேள்வி: எங்கள் கல்லூரி ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கிறது. ஆனாலும் பேராசிரியர்கள் ஊரை எட்டிப் பார்ப்பதில்லை என்றே பேச்சு. அரசு, விளையாட்டு, சமூகம் மூன்றோடும் நாங்கள் எப்படி உறவு வைத்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு பேராசிரியை, நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் கேள்வியில் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை, அம்மா. தத்தெடுத்தீர்களா? ஐந்தையுமா?

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வழக்கத்தில் இருந்தாலொழிய 15 வயது முடிந்த பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. ஒரே பிள்ளையை ஒரே நேரத்தில் இரண்டு பேர் தத்தெடுக்க முடியாது. முறைப்படி எடுத்துவிட்டால் ரத்து செய்யவும் முடியாது. கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வந்துபோன மறுநாளே பிள்ளையை மறந்துவிடும் வசதி அதில் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். 'எங்கள் தத்துக் கிராமம்' என்று பேனர். அதைக் கட்ட வேப்பமரத்தில் இடமில்லை. ஏற்கெனவே இரண்டு பேனர் தொங்கியது. ஊர்க்காரர் ஒருவர் என் காதில் சொன்னார்: "நீங்க மூணாவது சார். முதல் ரெண்டு பேர் தொடப்பத்த வெச்சுட்டுப் போனாங்க. நீங்க என்ன கொண்டாந்தீங்க?" நான் கொண்டுபோனது பேச்சு. திரும்பக் கொண்டுவந்தது பொன்னாடை. (பொன்னாடை பற்றி எழுதினால் ஒரு பேராசிரியர் சந்தாவை நிறுத்திவிடுவதாகக் கடிதம் போடுவார். அவருக்குப் போவது இலவசப் பிரதி.)

வயதுக் கணக்குக்கு வருவோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1929இல். அது நிற்கிற திருவேட்களமோ சம்பந்தர் பதிகம் பாடிய தலம். அதாவது ஊருக்கு வயது 1,300க்குக் குறையாது. இதில் யார் யாரைத் தத்தெடுப்பது? அப்புறம் பணநெருக்கடி முற்றி, 2013இல் பல்கலையையே அரசு எடுத்துக்கொண்டது. 84 வயதில் தத்துப் போன பிள்ளை! உபரி என்று கணக்கெடுத்த ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வெளியூர் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். அரசோடு உறவு எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்பதைவிட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அவர்களைக் கேளுங்கள். இதே பல்கலையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சோமசுந்தர பாரதியார், 1930களின் இறுதியில் இந்தித் திணிப்பை எதிர்த்து ராஜாஜி அரசோடு மல்லுக்கு நின்றார். அதுவும் ஒரு உறவுதான். நாக் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

தத்தெடுக்காமலே ஊரோடு ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கிருந்த ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையின் 18 மீனவக் குப்பங்களின் சாவுக் கணக்கையும் சேதக் கணக்கையும் எடுத்து, அலையாத்தி (மாங்குரோவ்) மரங்களுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் இழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த வருடமே வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே எண்களை வைத்து, காப்பாற்றியது மரமில்லை, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் என்று சண்டைக்கு வந்தார்கள். வரட்டும். சண்டை போடவாவது கையில் கணக்கு இருந்ததே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமே பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் வளர்வதுதான். தில்லைப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று குப்பத்துப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது, அதுவும் பட்டபிறகு.

விளையாட்டையும் கேட்டிருக்கிறீர்கள். உடற்கல்வி இயக்குநரைக் காலையில் கேட்டில் நிற்கவைத்து அடையாள அட்டை பார்க்கச் சொல்வோம், மதியம் தேர்வு மேற்பார்வைக்கு அனுப்புவோம், சாயங்காலம் மைதானத்தைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்வோம். பக்கத்துத் தெருப் பையன்கள் சுவரேறிக் குதித்து ஆடினால் வாட்ச்மேன் விரட்டுவார். இந்தப் பையன்களின் ஊரும் உங்கள் ஐந்தில் ஒன்றாக இருக்கலாம்! இங்கே புதுச்சேரியில் பெரியவர்கள் சாயங்காலமானால் இரும்புக் குண்டை வீசி பெத்தாங் ஆடுகிறார்கள். பிரெஞ்சுக்காரன் போனபிறகும் குண்டு உருள்கிறது. எந்தத் துறையாவது அதைத் தத்தெடுத்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஐந்து ஊர்களின் பெயரையும் பேனரைப் பார்க்காமல் எழுதி அனுப்புங்கள். மைதானச் சாவி எத்தனை மணிவரை யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் போடுகிறேன்.