முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்: அறிவியல் புனைகதை கேள்வி பதில்

மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் இயற்பியல் நடத்தினேன். அறிவியல் புனைகதை படிப்பது அதற்கும் முந்தைய பழக்கம். இந்த ஞாயிறு முழுக்க, வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். படித்ததைப் பற்றி மட்டும்தான் பேசுவேன்.

கல்லூரி மாணவி, தேனி: டீச்சர், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தவிர எதுவும் படித்ததில்லை. ஆங்கிலம் சுமாராக வரும். எதில் ஆரம்பிக்கலாம்?

சின்னக் கதையில் ஆரம்பிம்மா. டெட் சியாங் 1998இல் எழுதிய ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ என்ற நெடுங்கதையை எடு. வேற்றுலகத்தவர் பூமிக்கு வருகிறார்கள், அவர்கள் மொழியைக் கற்றுக்கொள்ள ஒரு மொழியியல் பேராசிரியையை ராணுவம் அழைக்கிறது. இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். அதில் வரும் அறிவியலை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் டம்ளரில் பென்சிலைச் சாய்த்து வைத்தால் உடைந்தது போலத் தெரியும் இல்லையா? காற்றும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் ஒளி திரும்புகிறது. ஏன் அந்த அளவுக்கு, அந்தக் கோணத்தில் திரும்புகிறது என்றால், போய்ச் சேர மிகக் குறைந்த நேரம் பிடிக்கிற பாதை அதுதான். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா சொன்ன விதி இது. ஒருமுறை இதைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, “எங்க போய்ச் சேரணும்னு தெரிஞ்சாத்தானே டீச்சர், எந்தப் பாதையில நேரம் குறையும்னு சொல்ல முடியும்? ஒளிக்கு அது முன்னாடியே எப்படித் தெரியும்?” என்றான். சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்று அவனுக்குச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. சில வருடம் கழித்து இந்தக் கதையைப் படித்தால், அதே படம், அதே கேள்வி. ஆனால் இங்கே அந்தக் கேள்வி ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. நல்ல அறிவியல் புனைகதை செய்ய வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். புத்தகத்தில் கிடக்கிற விதி ஒருவருடைய வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

எல்லோருக்கும் ஒன்று: எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பழைய நாவல்களுக்குப் பிறர் எழுதும் முன்னுரைகள் கதையின் முடிச்சை மூன்றாம் பத்தியிலேயே அவிழ்த்துவிடுகின்றன. பின்னட்டையும் வேண்டாம்.

பெயர் சொல்லாதவர்: இதெல்லாம் பிடிஎஃப் கிடைக்குமா?

என்னிடம் இல்லை. மாவட்ட நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

வங்கி ஊழியர், ஈரோடு: ‘சோலாரிஸ்’ வாங்கினேன். பாதியில் பக்கம் பக்கமாகக் கடலை வர்ணிக்கிறார், அங்கேயே நிறுத்திவிட்டேன். என்னிடம்தான் கோளாறா?

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. நானும் முதல்முறை அந்த இடத்தில்தான் நின்றேன். போலந்துக்காரரான ஸ்டனிஸ்வாஃப் லெம் 1961இல் எழுதியது. ஒரு கோள் முழுக்க ஒரே கடல், அந்தக் கடலே ஓர் உயிர். நூறு வருடத்துக்கும் மேலாக மனிதர்கள் அதை ஆராய்ந்து, அது எழுப்பும் ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் வைத்து, அலமாரி அலமாரியாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் அது ஏன் அப்படிச் செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கங்கள் அலுப்பூட்டுவது உண்மைதான், ஆனால் அந்த அலுப்பு கதைக்குத் தேவை. இவ்வளவு படித்தும் ஒன்றும் புரியவில்லையே என்ற களைப்பு நமக்கும் வந்த பிறகுதான், இறந்துபோன மனைவி அறைக்குள் வந்து உட்கார்ந்ததில் கதாநாயகன் கெல்வின் படுகிற பாடு நமக்குள் இறங்கும்.

இன்னொன்று. 1970இல் வந்த ஆங்கிலப் பதிப்பு போலிஷிலிருந்து நேராக வந்ததல்ல, பிரெஞ்சு வழியாக வந்தது. அந்தப் பெண்ணின் பெயர்கூட ஹாரே என்பதிலிருந்து ரேயா என்று மாறிவிட்டது. நேரடி மொழிபெயர்ப்பு 2011இல்தான் வந்தது. உங்கள் பிரதியில் ரேயா என்று இருந்தால் அது பழையது. முடிந்தால் புதியதைத் தேடுங்கள்.

ஐடி ஊழியர், சென்னை: ஆரம்ப வாசகனுக்கு ஏதாவது பரிந்துரை?

முதல் பதிலைப் பாருங்கள்.

மாணவன், கோவை: அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ முதலிலா, ‘டூன்’ முதலிலா?

‘டூன்’. ‘ஃபவுண்டேஷன்’ 1942 முதல் பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்து 1951இல் புத்தகமானது. யோசனை பிரமாதம், ஆனால் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். ‘டூன்’ ஒரு பாலைவனக் கோளின் கதை, அதன் மணலில் நடக்கும்போது நமக்கே நாக்கு வறளும். பின்னால் இருக்கிற சொல்லகராதியை அடிக்கடி புரட்டாதீர்கள், சொற்கள் தானாகப் பழகிவிடும்.

இயந்திரப் பொறியாளர், ஓசூர்: ‘தி மார்ஷியன்’ புயலிலேயே எனக்கு விட்டுப்போச்சு. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காற்று ராக்கெட்டைச் சாய்க்குமா? அறிவியல் தப்பாக இருந்தால் அது வெறும் மாயாஜாலக் கதைதானே மேடம்?

காற்றைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, நாவலை எழுதிய ஆண்டி வியரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் முடிவு சரியில்லை. ஜூல் வெர்ன் 1865இல் நிலாவுக்கு மூன்று பேரைப் பீரங்கிக் குண்டுக்குள் வைத்துச் சுட்டார். குழாயின் நீளம் 900 அடி, குண்டின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுப்பேன். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல 20,000 மடங்குக்கு மேல் முடுக்கம் வரும். உள்ளே இருப்பவர்கள் அந்த நொடியே நசுங்கிவிடுவார்கள். அதனால் வெர்ன் மாயாஜாலக்காரர் ஆகிவிடுவாரா? எவ்வளவு நீளம், எவ்வளவு வெடிமருந்து, எந்த ஊரிலிருந்து சுடுவது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாரே, அந்தப் புத்திதான் இந்த வகை எழுத்து.

அதே பொறியாளர்: கணக்குப் போட்டுத் தப்பு விட்டால் மன்னிக்கலாம். தெரிந்தே மாற்றினால்? ஆர்தர் கிளார்க் ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலுக்காக இலங்கையையே தெற்கே நகர்த்திவிட்டார் என்கிறார்கள். அது ஏமாற்று இல்லையா?

இல்லை, அது நேர்மை. 1979இல் வந்த நாவல் அது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதற்கு மேல்முனை வேண்டும். பூமி சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றி, ஒரே இடத்துக்கு மேலே நிற்கிற சுற்றுப்பாதை சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதுவும் நிலநடுக்கோட்டுக்கு மேலே மட்டும்தான். அங்கிருந்து கீழே விடுகிற கம்பி நிலநடுக்கோட்டில்தான் வந்து இறங்கும். கிளார்க்கின் மனதில் இருந்த மலையோ சிவனொளிபாத மலை. அது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 6.8 பாகை வடக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், 755 வரும். அவர் தீவை நகர்த்தியது 800 கிலோமீட்டர். இயற்பியலை வளைக்க மனம் வராமல் நிலப்படத்தை வளைத்தார், தீவுக்குத் தப்ரபேன் என்று பழைய பெயரையும் வைத்தார். மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கியதையும் புத்தகத்தின் கடைசியில் அவரே சொல்லிவிடுகிறார்.

ஆசிரியர், திருகோணமலை: டீச்சர், குறுக்கே வாறதுக்கு மன்னிக்கவும். ஓசூர்த் தம்பிக்கு ஒரு சொல். கிளார்க் இலங்கையைப் படத்தில் பார்த்து எழுதினவர் இல்லை. 1956 தொடக்கம் 2008இல் சாகும்வரை இங்கேயே இருந்தவர். எங்கட கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்துக் கடலில் தள்ளின தூண்களைச் சுழியோடிக் கண்டவர்களில் அவரும் ஒருவர். ஆனா எனக்கு ஒரு குறை இருக்கு. அந்த நாவலில் மலையில் இருக்கிறது பிக்குகள் மட்டும். நாங்கள் சிவனொளிபாதம் என்கிற மலை அது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்கூட ஏறுகிற மலை. அதை ஒரு மடத்துக்குள் அடக்கிப்போட்டார்.

ஐயா, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மலையுச்சியில் இருக்கிற ஒரு பாதச்சுவட்டை நான்கு சமயத்தார் நான்கு பேருடையது என்று நம்பி ஒரே படிக்கட்டில் ஏறுகிற இடம் அது. மின்தூக்கி கட்டுகிற பொறியாளர் மோர்கனுக்கு எதிரே அத்தனை பேரையும் நிறுத்தியிருந்தால் நாவல் இன்னும் கனத்திருக்கும். ஓசூர்த் தம்பி, குறை சொல்வதென்றால் இப்படிச் சொல்ல வேண்டும். கம்பி தாங்குமா என்பதோடு நிறுத்தாமல், கம்பி வந்து இறங்குகிற இடத்தில் யார் இருந்தார்கள், கதை யாரை விட்டுவிட்டது என்றும் கேட்கணும்.

இல்லத்தரசி, விருதுநகர்: சுஜாதாவுக்கு அப்புறம் தமிழில் யாருமே இல்லையா?

இதோடு ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பைப் படியுங்கள், நம் மரபிலிருந்தே அறிவியல் கேள்வியை எடுக்க முடியும் என்று காட்டும். சுஜாதாவையும் மறுபடி எடுங்கள். 2020களில் நடப்பதாக அவர் எழுதியதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பட்டியல் போட வேண்டாம். ஜோசியம் பார்க்கவா கதை படிக்கிறோம்? ‘என் இனிய இயந்திரா’வில் ஓர் இயந்திர நாய் புத்தகம் படித்துப் படித்தே தனக்கென்று ஒரு மனதைச் சம்பாதிக்கிறது. அதற்காகப் படியுங்கள்.

மாணவன், சேலம்: எதில் ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள் மேடம்.

தம்பி, மூன்றாவது முறை. மேலே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படி.

மாணவன், நாகர்கோவில்: ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ தொடக்கத்திலேயே சீனாவின் கலாச்சாரப் புரட்சி வருகிறதே, அறிவியல் எப்போது வரும்?

அதுதான் வேர், தாண்டிப் போகாதே. சீனப் புத்தகத்தில் அந்தப் பகுதி நடுவில் இருந்தது. 2014இல் கென் லியு ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது முன்னால் வந்தது. தன் கண்ணெதிரே அப்பாவை அடித்துக் கொன்றதைப் பார்த்த பெண் பிறகு என்ன முடிவெடுப்பாள் என்பதுதான் நாவல். இதிலும் பின்னட்டையைப் பார்க்காதே.

ஒரு தாய், தஞ்சாவூர்: ஐந்தாவது படிக்கும் மகளுக்கு?

சிறுவர் நூல்கள் எனக்குத் தெரியாத துறை. குழந்தைகளோடு பழகுகிற நூலகரிடம் கேளுங்கள்.

இயந்திரப் பொறியாளர், ஓசூர்: சரி மேடம். கிளார்க்கை வாங்கிவிட்டேன், இன்று ராத்திரி ஆரம்பிக்கிறேன். முன்னுரையை விட்டுவிடுகிறேன்.

இதில் மட்டும் விடாதீர்கள். தப்ரபேனைப் பற்றி ஆசிரியரே எழுதிய சின்ன முன்குறிப்பு அது. அந்தத் தீவு அப்படியே இருப்பதல்ல, ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இலங்கைதான் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே அழைக்கிறார். படித்து முடித்ததும் திருகோணமலை ஐயாவுக்கு எழுதுங்கள்.