ஆயுத பூஜைக்கு முந்தின நாள்

கேள்வி: வாழ்க்கையை ஒழுங்காக வைத்துக்கொள்ள என்ன பழக்கங்கள் வேண்டும், எப்படிப்பட்ட மனநிலை வேண்டும்? எத்தனை முறை ஆரம்பித்தாலும் பத்து நாளில் பழையபடி ஆகிவிடுகிறதே?

பத்து நாளில் பழையபடி ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் பல வருடம் அப்படித்தான் ஆனது. ஏன் அப்படி ஆகிறது என்பது எனக்கு வீட்டில் புரியவில்லை. வேலை பார்க்கும் இடத்தில் புரிந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் ஷாப், அதாவது மெஷின்கள் ஓடும் பட்டறை, வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் பளிச்சென்று இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். இரும்பைக் கடையும் லேத் மெஷினுக்கு அடியில் சேர்ந்த இரும்புச் சுருளையெல்லாம் வாரிக் கொட்டுவோம். எண்ணெய்க் கறை மேல் மரத்தூள் போட்டுத் தேய்ப்போம். மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த ஸ்பேனரும் ஆலன் கீயும் அன்றைக்குத்தான் கண்ணில் படும். மறுநாள் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், எல்லோருக்கும் பொரி. தீபாவளிக்குள் எல்லாம் பழையபடி.

பிறகு எங்களிடம் பொருள் வாங்கும் கம்பெனி 5எஸ் கட்டாயம் என்று சொல்லி, பயிற்சி கொடுக்க ஒருவரை அனுப்பியது. ஜப்பான் தொழிற்சாலைகளில் உருவான முறை அது. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, சிட்சுகே என்று ஐந்து சொற்கள். தேவையில்லாததைப் பிரித்து எடு, மிச்சத்துக்கு இடம் குறி, சுத்தம் செய், எல்லோருக்கும் ஒரே முறையாக்கு, அதை விடாமல் கடைப்பிடி. இது இரும்பு வேலைக்கு மட்டும் உள்ளதல்ல. கொழும்பில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000-களின் தொடக்கத்திலேயே இதே முறையைக் கையில் எடுத்தது. ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதாரத் துறையினர் அங்கே வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள்.

பயிற்சியாளரிடம் எங்கள் ஆயுத பூஜைக் கதையைச் சொன்னேன். "சார், நீங்க அன்னிக்குச் செய்யுறது மூணாவது எஸ். முதல் ரெண்டையும் செய்யாம நேரா மூணாவதுக்குப் போனா அது பத்து நாள்தான் நிக்கும்" என்றார். உங்கள் பத்து நாளைப் படித்ததும் அவர் குரல்தான் காதில் கேட்டது.

நாம் எல்லோரும் செய்கிற தவறு இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்வேகம் வந்து வீடு முழுக்கச் சுத்தம் செய்கிறோம். ஆனால் எந்தப் பொருளுக்கு எது இடம் என்று முடிவு செய்வதில்லை. திங்கட்கிழமை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அதை எங்கே வைப்பது என்று புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. களைத்து வந்தவனுக்கு அதற்குத் தெம்பு ஏது? கண்ணில் பட்ட மேஜையில் வைத்துவிடுகிறான். அது சோம்பல் இல்லை. அந்தச் சாவிக்கு இடமே இல்லை.

ஷாப்பில் ஒரு பலகை மாட்டினோம். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதன் மேல் பெயின்டில் வரைந்தோம். ஸ்பேனரை எடுத்தால் அதன் உருவம் மட்டும் காலியாகத் தெரியும். யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து போகும்போது அந்த வெற்றிடமே கூப்பிடும்.

இவ்வளவும் தெரிந்தும் வீட்டில் எதையும் மாற்றாமல்தான் இருந்தேன். ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் பழைய ஈசிஜி, இப்போது சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று வரிசையாகக் கேட்டார். ஒத்துக்கொள்ளாத மருந்து ஒன்று உண்டு என்று தெரியும், பெயர் வரவில்லை. மனைவிக்குப் போன் செய்தேன். பீரோ, மெத்தைக்கு அடி, டிவி ஸ்டாண்டு, கட்டைப்பை என்று அவள் முக்கால் மணி நேரம் தேடினாள். போன் வழியாகக் காகிதங்கள் சரசரக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் விடுப்பு போட்டேன். வீட்டைத் தொடவில்லை. அம்மாவின் மருத்துவக் காகிதங்களை மட்டும் கூடத்தில் பரப்பினேன். 2011-லிருந்து சேர்ந்தவை. எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரையே கேட்டுக்கொண்டேன். கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்திய ஈசிஜியும் எக்கோவும், இப்போதைய மருந்துச் சீட்டு. இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அடங்கிவிட்டன. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர் எண். மற்றவற்றைக் கட்டிப் பரணில் போட்டேன்.

ஃபைலை பீரோவில்தான் வைக்க வேண்டும் என்றார் அம்மா. முக்கியமான காகிதம் பீரோவில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் பழக்கம். நான் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். அவசரத்தில் கிளம்பும்போது கை போகிற இடம் அதுதான். எங்கே வைத்தால் அழகு என்று பார்க்காதீர்கள். எங்கே தேடுவீர்கள் என்று பாருங்கள். மனநிலை என்று கேட்டிருந்தீர்களே, எனக்கு மாறியது இந்த ஒன்றுதான்.

பிரித்து எடுப்பதுதான் வீட்டில் கஷ்டமான கட்டம். காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், அறுந்த வயர் கூடை இருக்கும், கல்யாணத் தாம்பூலப் பைகள் நூறு இருக்கும். "என்னைக்காவது ஆகும்பா" என்பார் அம்மா. இல்லாத காலத்தைப் பார்த்தவர் சொல்லும் சொல் அது, அதைப் பழிக்கக் கூடாது. தொழிற்சாலையில் சந்தேகமான பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டி, தேதி எழுதி, தனியே வைப்போம். யாரும் உடனே தூக்கி எறிய மாட்டோம். அதையே செய்தேன். ஒரு அட்டைப்பெட்டி, மேலே தேதி. "மூணு மாசம் இருக்கட்டும்மா, தேவைப்பட்டா எடுத்துக்கோங்க." மூன்று மாதத்தில் இரண்டு பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் அவரே பேரம் பேசிக் கொடுத்தார். அப்பாவின் சட்டை ஒன்று அந்தப் பெட்டியில் வந்திருந்தது. அதை நானே எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டேன்.

அப்புறம், அடுத்தவர் புழங்கும் இடத்தை நீங்கள் அடுக்காதீர்கள். சமையலறையை நான் அடுக்கித் தருகிறேன் என்று போய், கடுகு டப்பாவை மேல் தட்டில் ஏற்றிவிட்டேன். "என்னங்க, தாளிக்கும்போது ஸ்டூல் போட்டு ஏறணுமா?" என்றாள் மனைவி. நியாயம்தானே. மெஷினில் நிற்பவர்தான் கருவியின் இடத்தைச் சொல்ல வேண்டும் என்று ஷாப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளே அவள் வசதிக்கு மாற்றிக்கொண்டாள்.

சரி, இடம் குறித்தாகிவிட்டது. அது நிலைக்க என்ன செய்வது? புதிதாக ஒரு நேரம் ஒதுக்க வேண்டாம். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ராத்திரி கேட்டைப் பூட்டுவது என் வேலை. பூட்டிவிட்டு உள்ளே வந்ததும் பத்து நிமிடம் வெளியே கிடப்பவற்றை அவற்றின் இடத்தில் வைப்பேன். பத்து நிமிடம் ஆனதும் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவேன். மகளுக்கு, பல் தேய்ப்பதற்கு முன் பள்ளிப்பையை அதன் இடத்தில் வைப்பது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி மனம் உடைய வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009-ல் வெளியிட்டார்கள். ஒரு செயல் தன்னியல்பாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் என்று வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. எனக்குப் பிடித்த செய்தி அதில் இன்னொன்று: இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை. எங்கள் வீட்டில் போன வருடம் எல்லோருக்கும் வரிசையாகக் காய்ச்சல். இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை, கூடம் முழுக்கத் துணி. முன்பென்றால் எல்லாம் போச்சு என்று விட்டிருப்பேன். இந்த முறை அரை மணி நேரத்தில் சரியானது, ஏனென்றால் ஒவ்வொன்றும் போக வேண்டிய இடம் அங்கேயே காத்திருந்தது.

கட்டணத் தேதிகளுக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, எல்ஐசி பிரீமியமும் வண்டி இன்சூரன்ஸும் வருடத்துக்கு ஒருமுறை. ஞாபகத்தை நம்பக் கூடாத இடைவெளிகள் இவை. ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு என்று தள்ளிப் போட்டு அதையும் தாண்டிவிடுகிறோம். வண்டி இன்சூரன்ஸைக் காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். ஜனவரி முதல் தேதி புதுக் காலண்டர் மாட்டும்போதே எல்லாத் தேதிகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டுவிடுகிறேன். போனிலும் நினைவூட்டல் உண்டு. ஆனால் காலண்டரை வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

நீங்கள் இந்த ஞாயிறு வீட்டைச் சுத்தம் செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக இன்றிலிருந்து ஏழு நாள், எதையாவது தேடும் ஒவ்வொரு முறையும் அதன் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். அதிக முறை வந்த பொருள் எது என்று பார்த்து, அதற்கு மட்டும் ஓர் இடம் போடுங்கள். எங்கே போடுவது என்று குழப்பமாக இருந்தால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்து யோசிக்கலாம்.