மாணவர் தலைவிக்குச் சான்றிதழ் தேவையில்லை, தீர்மானம்தான் தேவை

கேள்வி: நீலகிரியில் ஒரு பேரூராட்சிக்கு உட்பட்ட ஊரில் வசிக்கிறோம். என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் 'மகிழ் முற்றம்' திட்டத்தில் குறிஞ்சிக் குழுவின் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள். மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை, மாலைப் பேருந்து பள்ளி விடுவதற்கு முன்பே போய்விடுகிறது என்று அவள் சொன்னபோது, "அதையெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். இதற்கிடையில் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஊட்டியில் இரண்டு நாள் 'இளம் தலைவர்' முகாம் நடக்கிறது, 3,500 ரூபாய் கட்டினால் அடையாள அட்டையும் சான்றிதழும் கிடைக்கும், அதை வைத்து ஆட்சியரிடமே நேரில் பேசலாம், கல்லூரிச் சேர்க்கையிலும் முன்னுரிமை உண்டு என்கிறார். பணம் கட்டலாமா? மகள் தொடர்ந்து பேசினால் பள்ளியில் அவளுக்குத் தொந்தரவு வருமா?

பதில்: பணம் கட்டாதீர்கள், அம்மா. ஆட்சியரிடம் பேச எந்த அட்டையும் தேவையில்லை. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம்; அதற்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் மகளுக்கு வேண்டிய வழி அதைவிடப் பக்கத்திலேயே, அவளுடைய பள்ளியிலேயே இருக்கிறது. அதற்குப் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு.

முதலில் அந்த முகாமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலையில் கோடை விடுமுறையை ஒட்டியும் தேர்வு முடிவுகளை ஒட்டியும் இந்த வியாபாரம் தலைதூக்குகிறது, ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் தோட்ட வேலைக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்கள்தாம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் தலைமைப் பண்புச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். விளையாட்டு வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி ஒதுக்கீடுகள் உண்டு. 'இளம் தலைவர்' என்றொரு ஒதுக்கீடு எங்குமே இல்லை. உங்கள் மகளிடம் ஏற்கெனவே இருக்கும் உண்மையான சலுகை வேறு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. முகாம்காரர் இதைச் சொல்லமாட்டார், ஏனென்றால் இதற்கு அவருக்குப் பணம் தர வேண்டியதில்லை.

அவர் கொண்டுவந்த துண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். நான்கு சிங்கங்கள் பொறித்த அரசுச் சின்னமோ அதைப் போன்ற ஒன்றோ அச்சிடப்பட்டிருந்தால், அந்த ஒரு காரணமே போதும், கதவைச் சாத்திவிடலாம். அனுமதியின்றி அரசுச் சின்னத்தைப் பயன்படுத்துவது 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'மாவட்ட மாணவர் பிரதிநிதி' என்ற பட்டத்துடன் அட்டை தருவதாகச் சொன்னால், அந்தப் பதவியை எந்த அரசாணை உருவாக்கியது என்று கேளுங்கள். ஆதார் நகலையும், பிள்ளைக்குப் பள்ளிக் கல்வித் துறை தந்திருக்கும் எமிஸ் எண்ணையும், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் உங்கள் கையெழுத்தையும் எவரிடமும் கொடுக்காதீர்கள். படம் எடுத்து, அதைக் காட்டி வேறு ஊர்களில் நன்கொடை கேட்பதற்கு அந்தக் கையெழுத்தே அவர்களுக்கு அனுமதியாகிவிடும். "பள்ளியே சொல்லித்தான் வந்தேன்" என்று ஒருவர் சொன்னால், தலைமையாசிரியர் கையொப்பமிட்ட சுற்றறிக்கை இல்லாமல் அந்தப் பேச்சை ஏற்க வேண்டாம். பிள்ளைகளை இரவு தங்கலுடன் வெளியே அழைத்துப் போவதற்குத் துறை அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

இனி பள்ளிக்கு வருவோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் கொண்டதாக மறுகட்டமைக்கப்பட்டன. தலைவர் பெற்றோரில் ஒருவர்தான், தலைமையாசிரியர் அல்ல. இதைப் பல பெற்றோர் இன்றும் அறியவில்லை. கூட்டப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

மாணவருக்கென்று அந்தக் குழுவில் தனி இருக்கையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பிள்ளைகள் தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு ஏற்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. எனவே மேலாண்மைக் குழுத் தலைவரிடம், "மாணவியர் கழிப்பறை பற்றிப் பேசும்போது மாணவர் குழுத் தலைவிகளை அழைத்துக் கேட்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது. மகிழ் முற்றத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள் இருப்பதால், உங்கள் மகள் தனியாகப் போகாமல் மற்ற நான்கு தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு போகட்டும். ஐந்து பேர் சொல்லும்போது அது ஒரு பிள்ளையின் முறையீடாக இருக்காது, பள்ளியின் குரலாகிவிடும். அவள்மீது யாரும் தனியாகக் கண் வைக்கவும் முடியாது.

அதற்கு முன் அவள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்கு எழுதி வரட்டும்: தேதி, காலை இடைவேளையில் குழாயில் தண்ணீர் வந்ததா, மதியம் வந்ததா, மேல்தொட்டி நிரம்பியிருந்ததா, மோட்டார் ஓடியதா, எத்தனை கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எத்தனை மாணவிகள் வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். "தண்ணீரே வருவதில்லை" என்று சொன்னால், "நேற்று வந்ததே" என்று ஒருவர் எழுந்து பேச்சை முடித்துவிடுவார். "பத்து வேலை நாளில் ஏழு நாள் மதியம் தண்ணீர் இல்லை, ஏனென்றால் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் காலையில் மட்டும் ஓடுகிறது" என்றால் பேச்சு மோட்டாரைப் பற்றித் திரும்பும். பிள்ளைகள் இப்படி எண்ணிப் பார்த்துப் பேசக் கற்பதைத்தான் தலைமைப் பண்பு என்று நான் மதிக்கிறேன், எந்த முகாமும் இதைக் கற்றுத் தருவதில்லை.

தீர்மானத்தை எழுதும் விதத்தில்தான் பாதிக் காரியம் கெடுகிறது. "கழிப்பறை வசதியை மேம்படுத்தித் தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினால் அது பதிவேட்டிலேயே தூங்கும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "மாணவியர் கழிப்பறைக்கு மதியம் தண்ணீர் வராததால், மோட்டாரை நண்பகல் 12 மணிக்கு இரண்டாம் முறை இயக்குவது என்றும், உடைந்த குழாய்களையும் தாழ்ப்பாள்களையும் பள்ளி மானியத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குள் சரிசெய்வது என்றும், பொறுப்பு இன்னாருடையது என்றும் தீர்மானிக்கப்பட்டது." பிறகு அதை அதே நாளில் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் பதிவேற்றியதை நீங்களே பாருங்கள்.

பணம் இல்லை என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு, அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. 2024-25இல் ஒன்றிய அரசு இந்தத் திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்தியது உண்மைதான், அது பெரும் அநீதி. ஆனால் இரண்டு குழாய்க்கும் நான்கு தாழ்ப்பாளுக்கும் டில்லியைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பொறுப்பேற்பு விழா நடத்தி, பிள்ளைகளுக்குப் பட்டை அணிவித்து, படம் எடுத்து அனுப்ப நேரம் இருக்கிறது. அதே பிள்ளைகள் வாயைத் திறந்தால் மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். எத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

உங்கள் ஊருக்குப் பொருந்தும் விலக்கு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிப் பிரச்சினைகளைக் கிராம சபையில் வையுங்கள் என்று பலரும் சொல்வார்கள்; சமவெளிக்கு அது நல்ல ஆலோசனை. கிராம சபை என்பது கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. நீலகிரியிலோ தேயிலைத் தோட்டங்களும் காடும் சூழ்ந்து, பார்வைக்குக் கிராமமாகவே தோன்றும் பல ஊர்கள் பேரூராட்சிகளின் எல்லைக்குள் இருக்கின்றன. கேத்தி, சோலூர், நடுவட்டம், ஓவேலி, தேவர்சோலை, அதிகரட்டி, கீழ்குந்தா எல்லாம் பேரூராட்சிகள். அங்கே ஆகஸ்ட் 15 அன்றும் அக்டோபர் 2 அன்றும் கிராம சபை எங்கே கூடுகிறது என்று தேடிப் போனால் வீண் அலைச்சல்தான். உங்கள் ஊரும் பேரூராட்சி என்பதால், தண்ணீர் இணைப்பு பற்றிய தீர்மான நகலை வார்டு உறுப்பினரிடமும் பேரூராட்சிச் செயல் அலுவலரிடமும் கொடுத்து, நகலில் முத்திரையுடன் ஒப்புதல் வாங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதியும் இருப்பார். அவரைக் கூட்டத்துக்கு வரவழைத்து, அவர் முன்னிலையிலேயே தீர்மானம் போடுவதே மிகவும் எளிது. ஊர் எந்த வகை என்று சந்தேகம் இருப்பவர்கள் வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பார்த்தால் போதும்.

தொந்தரவு வருமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அச்சம் நியாயமானது. அதனால்தான் எந்த மனுவிலும் மகள் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறேன். விவரத்தைப் பிள்ளைகள் சொல்லட்டும், கையெழுத்தும் பொறுப்பும் பெற்றோருடையதாக இருக்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வகுப்பில் எழுப்பி நிற்க வைத்து ஏளனமாகப் பேசினாலோ மாற்றுச் சான்றிதழைக் காட்டி மிரட்டினாலோ, அன்றே தேதியுடன் எழுதிவைத்து 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணுக்கும், தேவைப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசுங்கள். பாலியல் சீண்டல் போன்ற எதுவாக இருந்தாலும் இந்தக் குழு, தீர்மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக 1098தான்.

பேருந்து விஷயம் பள்ளியின் கையில் இல்லை. கோவைக் கோட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் உங்கள் தடத்தை இயக்கும் கிளையின் மேலாளருக்கு, மேலாண்மைக் குழுத் தலைவரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்ட கடிதம் போக வேண்டும். தடத்தின் பெயர், பேருந்து இப்போது புறப்படும் நேரம், பள்ளி விடும் நேரம், இலவசப் பயண அட்டை வைத்திருக்கும் மாணவர் எண்ணிக்கை ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். பேருந்தைத் தவறவிடும் பிள்ளைகள் பனிமூட்டத்தில் தேயிலைக் காட்டு வழியே நடக்கிறார்கள், அந்த வழியில் காட்டெருமையும் கரடியும் நடமாடுகின்றன என்பதையும் எழுதுங்கள்; அதன் ஒரு நகலை வனச்சரக அலுவலருக்கும் அனுப்புங்கள். கேட்பது புதிய பேருந்து அல்ல, இருக்கும் பேருந்தை இருபது நிமிடம் தள்ளி எடுப்பது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.