சங்கத்தில் எல்லோருக்கும் இடம் இருக்கிறதா?

பதில் சொல்பவர் ஈரோட்டுக்காரர். சிறு வயதில் போலியோ வந்தவர். 20 வருடமாக மாற்றுத்திறனாளிகள் சங்க வேலை பார்க்கிறார்.

கேள்வி (கோபி): 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான். 2016 சட்டத்தில் 21 ஆக்கிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் நம் பங்கைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கால் பாதித்த நண்பர்கள் சொல்கிறார்களே?

பதில்: கணக்கைப் பாருங்கள். அன்று அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு: பார்வை, செவித்திறன், கை கால் என்று ஒவ்வொன்றுக்கும் 1. இன்று 4. அந்த மூன்றும் போகவில்லை. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்காக நான்காவதாக 1 வந்தது. கை கால் பிரிவில் தசைச்சிதைவு உள்ளவர்களும் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் சேர்ந்ததால் அங்கே போட்டி கூடியது உண்மைதான். ஆனால் அவர்களோடு மல்லுக்கட்டினால் ஒரு வேலைகூடக் கூடப்போவதில்லை. நிரப்பாமல் கிடக்கும் பின்னடைவுப் பணியிடங்களைச் சேர்ந்து கேட்டால் கிடைக்க வழி உண்டு.

கேள்வி (பல்லடம், ஒரு தாய்): என் பையனுக்கு ஆட்டிசம். சங்கக் கூட்டத்தில் சத்தம் போடுகிறான் என்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

பதில்: அம்மா, மனது வலிக்கிறது. எங்கள் சங்கத்திலும் இது நடந்திருக்கிறது, அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. படிக்கட்டு ஏற முடியாமல் நான் வாசலில் நின்ற நாட்கள் எத்தனையோ. அந்த நான் ஒரு குழந்தையை வாசலில் நிறுத்தினேன். அப்புறம் மாற்றினோம். கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அமைதியான அறை, இடையில் எழுந்து நடக்க இடம், மைக் சத்தம் குறைவு. பெரிய செலவு எதுவும் இல்லை. பையனை அழைத்துக்கொண்டு மறுபடியும் போங்கள். வெளியே போகச் சொன்னால், எந்த அறை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி (திருப்பூர், காது கேளாத தையல்காரர்): இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதிக் காட்டுவது இரண்டு வரி. நான் எதற்கு வரவேண்டும்?

பதில்: நியாயமான கோபம். சைகை மொழிபெயர்ப்பாளருக்கான பணத்தை மேடை, மாலைச் செலவுக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டும். அவர் நிற்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும். பேசுகிறவர் முதலில் தன் பெயரைச் சொன்னால் பார்வையற்றவர்களுக்கும் யார் பேசுவது என்று தெரியும். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள், அன்று கூட்டம் வேண்டாம். பெண்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும்படி முடிக்க வேண்டும்.

கேள்வி (பொள்ளாச்சி): தனித்தனிச் சங்கங்களைக் கலைத்துவிட்டு ஒன்றே வைத்தால்?

பதில்: வேண்டாம். பிரெயில் புத்தகம் பற்றிப் பார்வையற்றவர்கள்தான் பேச வேண்டும். உதவித்தொகை, அடையாள அட்டை முகாம், தாழ்தள பஸ் என்று வரும்போது மட்டும் ஒரே மனுவாகக் கொடுப்போம். அதில் எல்லாச் சங்கங்களின் கையெழுத்தும் இருக்கட்டும், கையெழுத்துப் போட முடியாதவர்களின் கைரேகையும் சேர்த்து.