நிலாவில் எடை குறைந்தால் மீதி எங்கே போகிறது?

நிலாவில் நம் எடை ஆறில் ஒரு பங்குதான் என்கிறார்களே, மீதி எங்கே போனது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கேயும் போகவில்லை. பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது நிறை, அலகு கிலோகிராம். அதை எவ்வளவு விசையோடு பூமி இழுக்கிறது என்பது எடை, அலகு நியூட்டன். 10 கிலோ அரிசிப் பையைப் பூமி சுமார் 98 நியூட்டன் விசையால் இழுக்கும், நிலா 16 நியூட்டன்தான். பையில் ஒரு மணி அரிசிகூடக் குறையாது.

சரி, மளிகைக் கடைத் தட்டுத் தராசை நிலாவுக்கு எடுத்துப் போனால்? ஒரு தட்டில் பை, மறு தட்டில் 10 கிலோ படிக்கல். இரண்டையுமே நிலா குறைவாக இழுப்பதால் முள் நடுவிலேயே நிற்கும். அந்தத் தராசு ஒப்பிடுவது நிறையை. அதே பையைச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டால், முள் ஒன்றரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களைக் குறை சொல்லவே முடியாது. கடையில் எல்லோரும் "எடை 10 கிலோ" என்றுதான் சொல்கிறோம். அப்புறம், இலங்கைப் பாடநூல்களில் நிறைக்குத் திணிவு என்று பெயர். எடையைத்தான் அங்கே நிறை என்பார்கள். இணையத்தில் தேடிப் படிக்கும்போது இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

தராசே வேலை செய்யாத விண்வெளியில் நிறையை எப்படி அளப்பது? 1973-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரரைச் சுருள்வில் பொருத்திய இருக்கையில் உட்கார வைத்து ஆடவிட்டார்கள். நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிட்டார்கள்.